பாடும் பிள்ளைக்கு மதிப்பெண்ணா?

தொடக்கப் பள்ளியிலே இசை வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. கல்வித் திட்டம் வகுப்போர் எல்லோரும் அதை ஒப்புகின்றனர். வேறுபாடு அடுத்த படியிலே தோன்றுகிறது. கற்பித்த இசையையும் கணக்கைப் போல, அறிவியலைப் போலப் பொதுத் தேர்வு வைத்து அளந்தால்தான் அது பாடம் ஆகும் என்பது ஒரு கட்சி. பிள்ளைகள் பாடினால் போதும், அளப்பானேன் என்பது மற்றொரு கட்சி. இவ்விரண்டு கட்சிகளுக்கும் நடுவே நின்று சில சொல்ல விரும்புகிறேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாட்டு, ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பெண் அட்டவணை. இதைத்தான் பொதுத் தேர்வு என்று இங்கே குறிக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையின் இசை வகுப்புக்கு இது ஆகாது என்பது என் முடிவு. தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவன் அல்லன் நான். அறிவியல் மாணவனுக்கு அளவையே உயிர். அளவையை மதிப்பதனாலேயே, பொருந்தாத இடத்தில் அளவுகோலை நீட்டும்போது வாளா இருக்க முடியவில்லை.

இது நமக்கு எதற்கு என்று மன்றத்து நண்பர்கள் சிலர் கேட்கலாம். நாம் இருக்கும் இடத்தைச் சற்றுப் பாருங்கள். ஆனேக்கல் வட்டம் பெங்களூரு நகர மாவட்டத்தின் தென் ஓரம். அத்திப்பள்ளியைக் கடந்தால் ஓசூர். அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. ஜிகணியிலும் பொம்மசந்திராவிலும் உள்ள தொழிற்சாலைகளை நம்பித் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் குடும்பங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளிலேதான் படிக்கின்றனர். ஒரே வகுப்பில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று ஐந்து வீட்டுமொழிகள் இருப்பது இவ்வட்டத்தில் வியப்பன்று.

எல்லை கடந்து வந்த வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியின் முதல் ஆண்டு எப்படி இருக்கும் என்பதை நான் அறிவேன். கன்னட வகுப்பிலே எழுத்து ஓடாது. ஆங்கில வகுப்பிலே நாக்கு ஓடாது. கணக்கு தெரிந்தாலும் வினா புரியாது. கூட்டாகப் பாடும் வேளை ஒன்றிலேதான் அப்பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சமமாக வாய் திறக்கும். பொருள் தெரியாத பாட்டானாலும் மெட்டு பிடிபட்டால் பாடிவிடலாம். பாடப் பாடச் சொல்லும் பிடிபடும். புது மொழியை அச்சமின்றி நாவில் ஏற்றும் முதல் ஆசிரியன் பாட்டு. நாள் முழுவதும் கடைசியில் நிற்கும் பிள்ளை கடைசியில் நில்லாத அந்த ஒரு வேளைக்கும் மதிப்பெண் இட்டு வரிசை கட்டினால், அப்பிள்ளைக்குப் பள்ளியிலே எஞ்சுவது என்ன? இக்கேள்வியின் கனம் இங்கேதான் இருக்கிறது.

இந்த அச்சம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. கர்நாடகத்தில் 2023-ஆம் ஆண்டு 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு மாநிலப் பொதுமதிப்பீடு வந்தது. 2024 மார்ச்சில் 9-ஆம் வகுப்பும் அதில் சேர்ந்தது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ஒரு பக்கமும் இருவர் ஆயம் மற்றொரு பக்கமுமாகத் தீர்ப்புக் கூறினர். முடிவில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தேர்வு முடிவுகளை வெளியிடத் தடை விதித்தது. அவ்வழக்கு இசையைப் பற்றியதன்று. மொழி, கணக்கு முதலிய பாடங்களைப் பற்றியது. ஆயினும் அது ஒன்றைக் காட்டியது. பள்ளி எப்படி நடக்கிறது என்று அறிய அரசுக்கு விருப்பம் எழுந்தால், முதலில் நீளும் கை பத்து வயதுப் பிள்ளையின் மேலேயே விழுகிறது. மொழிக்கும் கணக்குக்கும் வந்தது நாளை இசைக்கும் வரலாம். வருமுன் நாம் சிந்திப்பது நல்லது.

முதலில் தேர்வின் பக்கத்து நியாயத்தை முழுவதும் கூறிவிடுகிறேன். இசைத் தேர்வு இந்நாட்டுக்குத் தீங்கு மட்டுமே செய்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் இசை குருவின் வீட்டுக்குள் இருந்தது. குருவின் குடும்பத்தில் பிறந்தவர்க்கும், அவர் மனம் வைத்து ஏற்றுக்கொண்டவர்க்கும் மட்டுமே அது கிட்டியது. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கி, இசைக்கு வகுப்பும் பாடத்திட்டமும் வகுத்தபோது அந்த மூடிய கதவு சற்றுத் திறந்தது. யாழ்ப்பாணத்தில் 1931-இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, வாய்ப்பாட்டுக்கும் கருவிகளுக்கும் தரம் தரமாகத் தேர்வு நடத்தி ஈழத்துப் பிள்ளைகள் பல தலைமுறையினரை இசையில் ஏற்றிவிட்டது. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் துறை இசைக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று தொழில்நுட்பத் தேர்வுகள் நடத்துகிறது. கர்நாடகத்திலும் ஜூனியர், சீனியர், வித்வத் என்ற படிகள் நெடுங்காலமாக உள்ளன. பரம்பரையும் பெரிய குருவும் வாய்க்காத எளிய வீட்டுப் பெண் ஒருத்தி, இப்படிப்பட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொண்டு இசையாசிரியை ஆக முடிகிறது. இது சிறிய காரியம் அன்று. சமன்மை விரும்புவோர் இதைப் போற்றவே வேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நன்றாக நோக்குங்கள். இத்தேர்வுகளை எழுதுவோர் தாமே விரும்பி வந்து கதவைத் தட்டியவர்கள். இசையைத் தொழிலாகவோ தீராக் காதலாகவோ கொள்ள எண்ணியவர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அப்படிப்பட்டதா? அது கதவைத் தட்டவில்லை. கால அட்டவணை அதைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. வித்துவானைத் தேர்ந்தெடுக்கும் சல்லடையைக் கொண்டு வகுப்பறையைச் சலித்தால், கீழே விழுவது யார்? நாளை வித்துவானாகப் போகாத, ஆனால் வாழ்நாள் முழுவதும் பாட வேண்டிய பெருந்திரள். இசை வகுப்பு அத்திரளுக்காக ஏற்பட்டது.

பொதுப் பாடத்திட்டம் இருந்தால் பொதுத் தேர்வும் இருந்தாக வேண்டும் என்பார்கள். அதுவும் உண்மையன்று. தென்னாட்டு இசைக்குப் பொதுப் பாடத்திட்டம் மிகப் பழையது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்கும் அந்த முதற்பாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அவர் காலம் 1484 முதல் 1564 வரை என்பர். கன்னட நாட்டுப் பெரியார் ஒருவர் வகுத்த அரிச்சுவடியைத் தஞ்சாவூரும் திருவனந்தபுரமும் யாழ்ப்பாணமும் ஒருங்கே ஏற்றுக்கொண்டன. இன்று டொராண்டோவில் கற்கும் தமிழ்ப் பிள்ளையும் அதையேதான் பாடுகிறது. இத்தனை பரவிய பாடத்துக்குத் தலைமைத் தேர்வு வாரியம் இருந்ததா? இல்லை. அப்பாடத்துக்கு உள்ளேயே சோதனை இருக்கிறது. ஒரே வரிசையை முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று கையால் தாளம் போட்டுக்கொண்டே பாட வேண்டும். தவறினால் பிள்ளையின் கையே பிள்ளைக்குச் சொல்லிவிடும். ஆசிரியர் தலையசைப்பார், பிள்ளை மீண்டும் தொடங்கும். மதிப்பெண் ஏட்டுக்கு அங்கே வேலை இல்லை.

இனி, பொதுத் தேர்வு எதை அளக்கும் என்று பார்ப்போம். அறிவியலில் நல்ல அளவைக்கு இரண்டு இலக்கணம் கூறுவர். ஒன்று, எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வர வேண்டும். மற்றொன்று, அளக்க நினைத்ததையே அது அளக்க வேண்டும். முதலாவது இருந்தால் இரண்டாவதும் தானே வந்துவிடும் என்று மயங்குவோர் பலர். ஆனேக்கல் தறியில் நெய்த பட்டுச் சேலையைத் தராசில் இடுங்கள். பத்து முறை இட்டாலும் எடை மாறாது. ஆயினும் நெசவின் நேர்த்தியை அந்த எடை சொல்லுமா? தராசின்மேல் குற்றமில்லை, கேட்ட கேள்வி தராசுக்கு உரியதன்று.

இசையில் இந்த மயக்கம் நூறாண்டுக்கு மேல் பழையது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து உளவியலார் கார்ல் ஸீஷோர், 1919-இல் இசைத்திறன் சோதனை ஒன்றைக் கிராமபோன் தட்டுகளில் பதித்து வெளியிட்டார். இரண்டு ஒலிகளைக் கேட்பிப்பார்கள். எது உயர்ந்தது, எது உரத்தது, எது நீண்டது என்று பிள்ளை எழுத வேண்டும். ஆய்வுக்கூடத்து நுட்பம் அத்தனையும் அதில் இருந்தது. ஆனால் ஜேம்ஸ் மர்ஸல் போன்ற இசைக்கல்வியாளர்கள் எழுந்து, துண்டு துண்டான ஒலிகளைப் பிரித்தறிவது வேறு, பாட்டைப் பாட்டாக உணர்வது வேறு என்று வாதாடினர். ஒலிகளைப் பிரித்தறியும் காது ஒருவர்க்குக் கூர்மையாக இருக்கலாம். ஆனால் அவர் பாடினால் கேட்க ஆள் இராது. இன்னொருவர் சோதனையில் பின்தங்கலாம். ஆனால் அவர் தாலாட்டில் ஊரே உறங்கும்.

நம் இசையிலே இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. நமக்கு ஆதார சுருதி பாடுவோரின் குரலைப் பொறுத்தது. ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவர். பெண்களும் பிள்ளைகளும் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவர். ஒரு வட்டத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் ஒரே ஒலிப்பதிவை அனுப்பி, அதனோடு சேர்ந்து பாடு என்றால், தன் சுருதியில் பிசகாமல் பாடும் பிள்ளை அந்தச் சுருதியில் தடுமாறும். தேர்வு அதைப் பிழை என்று எழுதும். இனிக் கணினியே திருத்தட்டும் என்பாரும் உளர். கணினி ஒலியின் அதிர்வெண்ணை மிக நுட்பமாகக் காட்டும். நானும் ஆய்வுக்கூடத்தில் அத்தகைய கருவிகளோடு பழகுகிறவன்தான். ஆனால் நம் சுரங்கள் பல ஒரே புள்ளியில் நிற்பவை அல்ல. தோடியின் காந்தாரம் அசைந்தால்தான் அது தோடி. பிள்ளைகளுக்குத் தோடி எதற்கு என்பீர்கள்; தாலாட்டின் இழுவையும் நடவுப் பாட்டின் குழைவும் அப்படிப்பட்டவையே. நேர்கோட்டில் நின்ற குரலுக்கு முழு மதிப்பெண்ணும், அழகாக அசைந்த குரலுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் கிடைத்தால், தேர்வு எதைக் கற்பிக்கிறது?

மேலை நாட்டுத் தேர்வுகளிலிருந்தும் ஒரு பாடம் கற்கலாம். லண்டனில் 1889-இல் ஏற்பட்ட அரச இசைப்பள்ளிகளின் இணைக்குழு உலகெங்கும் எட்டுப் படிகளில் தேர்வு நடத்துகிறது. பெங்களூரிலும் சென்னையிலும் பியானோவும் வயலினும் கற்கும் பிள்ளைகள் ஏராளமானோர் அதை எழுதுகின்றனர். பழுத்த அனுபவத்தோடு நடத்தப்படும் தேர்வு அது. அதன் வழக்கமான முறையில் மொத்தம் 150 மதிப்பெண். தயாரித்த மூன்று உருப்படிகளுக்கு 90. சுர வரிசைகளுக்கு 21. முன்பின் பாராத இசையைக் கண்டவுடன் வாசிப்பதற்கு 21. காதால் கேட்டு உணர்வதற்கு 18. இசைக்கு வேர் காது. அக்காதுக்குக் கிடைத்த பங்கு எட்டில் ஒன்று கூட இல்லை. தொற்றுநோய்க் காலமாகிய 2020-இல், வாசித்ததைப் படம் பிடித்து அனுப்பும் புதிய முறையையும் அக்குழு கொண்டுவந்தது. அதில் கேட்டுணரும் பகுதி அடியோடு இல்லை. இது யாருடைய சூழ்ச்சியும் அன்று. தொலைவிலிருந்து அளக்க எளியது நின்றது, அரியது உதிர்ந்தது.

அமெரிக்க அரசின் தேசியக் கல்வி மதிப்பீட்டிலும் இதுவே நடந்தது. 1997-இல் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இசையில் மதிப்பீடு நடத்தியபோது பாடச் செய்தனர், வாசிக்கச் செய்தனர், புதிதாக இசையமைக்கவும் செய்தனர். 2008-இல் மீண்டும் நடத்தினர். ஒருவர் ஒருவராகப் பாட வைத்துக் கேட்கப் பணம் வேண்டும், நேரம் வேண்டும். பணம் போதவில்லை. ஆகவே பாடுதல் போயிற்று. ஒலிப்பதிவைக் கேட்டுத் தாளில் விடையெழுதுதல் மட்டும் நின்றது. பாட்டே இல்லாத இசைத் தேர்வு! செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே இந்நிலை என்றால், இங்கே என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டுவதில்லை. மாயாமாளவகௌளை எத்தனையாவது மேளகர்த்தா என்று வினா வரும். பதினைந்து என்று பிள்ளை எழுதும். முழு மதிப்பெண் கிடைக்கும். அந்த இராகத்தில் ஓர் அடி பாடத் தெரியுமா என்று கேட்பார் இரார்.

தேர்வு வந்ததும் வகுப்பு என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஓர் அளவைக் கொண்டு பரிசும் தண்டனையும் முடிவு செய்யத் தொடங்கினால் அந்த அளவே கெட்டுவிடும் என்று டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலார் 1976-இல் எழுதினார். தேர்வுக்கு உரிய பாட்டு இரண்டு என்றால், ஜூன் முதல் மார்ச் வரை அந்த இரண்டு பாட்டே வகுப்பில் ஒலிக்கும். சுருதி சேராத பிள்ளையை, பள்ளியின் சராசரி குறையாதிருக்க, வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்கள். வசதியுள்ள வீட்டார் தனிப்பயிற்சிக்கு அனுப்புவார்கள். ஜிகணியில் இரவு வேலைக்குப் போகும் தாய் எங்கே அனுப்புவாள்? பிள்ளையின் இசையை அளக்கப் புறப்பட்ட தேர்வு, பெற்றோரின் பணப்பையை அளந்துவிட்டுத் திரும்பும்.

மொழியின் வழக்கும் இருக்கிறது. பொதுப் பாட்டு எந்த மொழியில் இருக்கும்? கன்னடத்தில் இருந்தால், மற்ற நான்கு வீட்டுமொழிப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பில் மதிப்பெண் குறையும். வடமொழியில் வைத்தால் எல்லோர்க்கும் சமமாகக் கடினம் என்று சமாதானம் கூறுவர், அது சமன்மையா? கன்னட நாட்டிலே கன்னடப் பாட்டைப் பிள்ளைகள் கற்க வேண்டும். அதில் இருகருத்து இல்லை. நாம் குடிவந்த மண்ணின் பாட்டை நாவினிக்கப் பாடுவது நமக்கும் பெருமை. ஆனால் கற்பதற்கும், அதில் தரம் பிரிப்பதற்கும் இடையே உள்ள தூரம் பெரிது. தமிழிசைக்கு மேடையில் இடம் வேண்டுமென்று 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட மரபினர் நாம். தாய்மொழிப் பாட்டுக்கு மேடை மறுக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை அறிந்த நாம், வேறு எந்தப் பிள்ளையின் தாய்மொழிப் பாட்டுக்கும் வகுப்பில் இடம் மறுக்கப்படுவதை ஒப்பலாமா?

நம் இலக்கியம் இதில் ஒரு வழி காட்டுகிறது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். மாதவி ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, பன்னிரண்டு வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறுகிறாள். அரசன் முன்னிலையில் நடந்த தேர்வு என்றே அதைக் கூறலாம். ஆனால் இளங்கோவடிகள் அவளை உடனே மேடை ஏற்றிவிடவில்லை. ஆடல் ஆசிரியன் எப்படிப்பட்டவன், இசை ஆசிரியன் என்னென்ன அறிந்தவன், பாட்டு இயற்றும் புலவன் யார், தண்ணுமை முழக்குவோன், குழல் ஊதுவோன், யாழ் இசைப்போன் ஆகியோரின் தகுதி என்ன என்று ஒவ்வொருவராக இலக்கணம் கூறுகிறார். அரங்கின் நீளமும் அகலமும் உயரமும் கூடச் சொல்கிறார். அதன் பின்னரே மாணவி ஆடுகிறாள். ஆசிரியரும் அரங்கும் தகுதி பெற்ற பின்பே மாணவியைச் சோதிக்க வேண்டும் என்ற முறை அதில் இருக்கிறது.

இன்று நம் பள்ளிகளில் அந்த வரிசை எப்படி இருக்கிறது? 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. எங்கே? 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில். அதுவும் 100 பேருக்கு மேல் சேர்ந்துள்ள பள்ளிகளில். 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்று அந்த அட்டவணை கூறவே இல்லை. தமிழ்நாட்டில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தினார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய்; வாரம் மூன்று அரைநாள் வேலை. அவர்களும் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கே. தொடக்க வகுப்புப் பிள்ளை பாடினால், அது கணக்கும் மொழியும் கற்பிக்கும் அதே ஆசிரியை தம் ஆர்வத்தால் பாட வைப்பதே ஆகும். ஆசிரியரைத் தராமல் மாணவரைத் தேர்வு செய்வது, விதை தூவாத வயலில் அறுவடைக் கணக்குக் கேட்பது போன்றது.

எதிர்க்கட்சியின் வலிமையான வாதம் ஒன்று உண்டு. தேர்வு இல்லாத பாடத்தைப் பள்ளி மதிக்காது. ஆண்டு இறுதியில் இசை வேளையைக் கணக்கு விழுங்கிவிடும் என்பர். இது பொய்யன்று. அமெரிக்காவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வாசிப்புக்கும் கணக்குக்கும் ஆண்டுத் தேர்வு விதித்தபின், இசை ஆசிரியருட் சிலரே எங்கள் பாடத்துக்கும் தேர்வு வையுங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அவர்களின் வேதனை நமக்குப் புரிகிறது. ஆனால் வேளையைத் திருடுவது யார்? பள்ளியின் கால அட்டவணை. திருட்டு நடந்த இடத்தை விட்டுவிட்டுத் திருட்டுக் கொடுத்த பிள்ளையையா சோதிப்பது? பள்ளியைச் சோதியுங்கள் என்பதே என் விடை. மேலே சொன்ன அமெரிக்க மதிப்பீட்டில் ஒரு நல்ல பண்பும் உண்டு. நாடெங்கும் சில பள்ளிகளையும் சில மாணவரையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து அது நடத்தப்படுகிறது. எந்தத் தனிப்பிள்ளைக்கும் அதில் மதிப்பெண் தருவதில்லை. நாடு தன்னைத்தானே அளந்துகொள்கிறது. அந்த அளவில் அது நம் பாராட்டுக்கு உரியது.

ஆகவே என் கருத்தைத் தொகுத்துக் கூறுகிறேன்.

ஒன்று: 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளில் இசைக்கு மதிப்பெண்ணும் வேண்டாம், தரவரிசையும் வேண்டாம். ஆசிரியர் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி மூன்று செய்திகள் எழுதட்டும். சுருதியோடு சேர்கிறதா? கைத்தாளம் நிற்கிறதா? எத்தனை பாட்டு நினைவில் இருக்கிறது? ஆண்டுத் தொடக்கத்திலும் இறுதியிலும் வகுப்பு பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து வைக்கட்டும். பிள்ளையை அதன் பழைய குரலோடு மட்டும் ஒப்பிடலாம். பக்கத்துப் பிள்ளையோடு வேண்டாம்.

இரண்டு: மூன்றாண்டுக்கு ஒரு முறை அரசு மாதிரிப் பள்ளிகளைச் சோதிக்கட்டும். இசை கற்பிக்க ஆள் உண்டா? அட்டவணையில் எழுதிய வேளை உண்மையில் நடந்ததா? வகுப்பு முழுவதும் சேர்ந்து எத்தனை பாட்டுப் பாடும். எத்தனை மொழிகளில் பாடும்? இவற்றை வெளியிடட்டும். தேர்வது அரசாகவும் பள்ளியாகவும் இருக்கட்டும். தோற்றாலும் அவர்களே தோற்கட்டும்.

மூன்று: விரும்பி இசையைத் தொடரும் பிள்ளைக்கு இப்போதுள்ள படிநிலைத் தேர்வுகள் தொடக்கப் பள்ளியைக் கடந்தபின் காத்திருக்கட்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவற்றின் கட்டணத்தை நீக்கட்டும். கதவு திறக்கும் தேர்வை நாம் எதிர்க்கவில்லை.

நான்கு: வகுப்பில் உள்ள ஒவ்வொரு வீட்டுமொழியிலிருந்தும் ஒரு பாட்டாவது எல்லாப் பிள்ளைகளும் கற்கட்டும். கன்னடப் பிள்ளை தமிழ்த் தாலாட்டைப் பாடவும், தமிழ்ப் பிள்ளை தாசர் பதத்தைப் பாடவும் பழகிவிட்டால், எல்லையில் எழும் பூசல்களுக்கு அதைவிட நல்ல மருந்து வேறு எது?

நண்பர்களே, அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யும்போது செய்யட்டும். நம்மால் ஆவது ஒன்று உண்டு. நம் மன்றத்தில் பாடத் தெரிந்தவர் பலர். விழா மேடையில் ஆண்டுக்கு இருமுறை அவர்கள் பாடக் கேட்கிறோம். அக்குரல்கள் மேடையோடு நின்றுவிட வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியரைக் கண்டு, இசைவு பெற்று, சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பாட நம்முள் நால்வர் போனால் போதும். ஹார்மோனியம் இல்லாவிட்டால் கைப்பேசியில் சுருதிப்பெட்டி இருக்கிறது. தாளத்துக்குக் கை இருக்கிறது. கன்னட மாணவ நண்பர்களையும் உடன் அழைத்துச் செல்வோம். அவர்கள் பாட்டை நாமும் கற்போம். அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். வருவோர் பெயர் கொடுங்கள்.